நானூற்றுத் தொண்ணூறு பிளேட் கோழி

எங்கள் கோழியைக் கல்லூரிக்காரர்கள் தின்றார்கள் என்று நான் சொன்னால் எர்மீனியாவுக்குப் பிடிக்காது. "அப்படிச் சொல்லாதீங்க கொமாத்ரே, அவங்க அந்தக் கோழியப் பாத்ததுகூட இல்ல" என்பாள். பார்த்திருந்தால்கூட மன்னித்திருப்பேன். பார்க்காமல், வாசனை பிடிக்காமல், உப்பு சரியாக இருந்ததா என்று ஒரு வார்த்தை கேட்காமல் தின்றார்கள். அதுதான் எனக்கு இன்றுவரை ஆறவில்லை.

எர்மீனியா லுகோ, தெற்கு எல்லையோரம் எங்கள் ஊரில், சான் ரோக்கே தெருவில் எனக்கு அடுத்த வீடு. உயர்நிலைப் பள்ளிக்கூடத்துச் சமையலறையில் பிள்ளைகளுக்குச் சாப்பாடு அள்ளி வைக்கிற வேலை. கணவன் ரமிரோ லாரி விபத்தில் போய் ஆறு வருடம். ஒரே மகள் நொயேலியா. அந்தப் பிள்ளைக்கு ஞானஸ்நானம் கொடுத்தபோது ஞானத்தாயாக நின்றது நான். அதனால் எர்மீனியாவும் நானும் கொமாத்ரே. வயதில் அவள் என் மகள் மாதிரி; உரிமையில் சமம்.

பத்தொன்பது வயதில் அவளை ஒரு பள்ளிக்கூடம் ஏமாற்றியது. நெடுஞ்சாலை ஓரம், டயர் கடைக்கு மேல் மாடி. பதினோரு மாதம் படித்தால் மருத்துவமனையில் வேலை என்றார்கள். முதல் நாளே வெள்ளைக் கோட்டு கொடுத்தார்கள், கூடவே கையெழுத்துப் போட ஒரு கட்டுக் காகிதமும் கொடுத்தார்கள். எட்டாம் மாதம் ஒரு திங்கட்கிழமை போனால் கதவில் சங்கிலி. பள்ளிக்கூடம் போய்விட்டது, கடன் போகவில்லை. அவள் சம்பளம் கைக்கு வரும் முன்பே பதினான்கு வருடம் அதிலிருந்து பிடித்தார்கள். அந்த வெள்ளைக் கோட்டைப் போட்டுக்கொண்டுதான் இப்போதும் வேலிக்கு வர்ணம் அடிப்பாள்.

அந்த வயிற்றெரிச்சலில் தொடங்கியதுதான் அவளுடைய இன்னொரு வேலை. ஒரு நாள் சாப்பாட்டு வரிசையில் ஒரு பெண், பக்கத்து ஊர்க் கல்லூரிக்கு முதல் வருடமே ஒன்பதாயிரம் டாலர் கடன் வாங்கப்போவதாகத் தோழியிடம் சந்தோஷமாகச் சொல்லிக்கொண்டிருந்தாள். எர்மீனியா கரண்டியைக் கீழே வைத்தாள்.

"யாரு உனக்கு இதச் சொன்னது?"

"ஆலோசகர் மேடம். எல்லாரும் வாங்குறதுதானாம்."

ஐந்நூறு பிள்ளைகளுக்கு ஒரே ஆலோசகர். அந்த அம்மாளையும் குறை சொல்ல முடியாது. ஆளுக்கு மூன்று மணி நேரம் ஒதுக்கினாலே வருடம் முடிந்துவிடும். எர்மீனியா நூலகத்துக் கணினியில் உட்கார்ந்து தேடத் தொடங்கினாள். கண்டுபிடித்து வந்து என்னிடம் சொன்னபோது நான் நம்பவில்லை.

"கொமாத்ரே, வடக்க சில காலேஜ் இருக்கு. வருஷத்துக்கு எண்பதாயிரம்னு போட்டிருக்கான். ஆனா நம்மள மாதிரி ஆளுகிட்ட அத வாங்குறதில்ல. வீட்டு வருமானத்தப் பாத்து, மிச்சத்த அவனே போட்டுக்குறான். கடனா இல்ல. சும்மா."

"சும்மா எவன் தருவான்? டயர் கடை மாடிய மறந்துட்டியா?"

"அதனாலதான் ஒவ்வொருத்தனுக்கும் போன் போட்டுக் கேக்குறேன்."

உண்மையிலேயே கேட்டாள். மதிய இடைவேளையில், சமையலறைக்குப் பின்னால் குப்பைத் தொட்டி பக்கத்தில் நின்றபடி, ஊர் ஊராகக் கல்லூரிகளின் உதவித்தொகை அலுவலகங்களுக்குப் போன் செய்வாள். எல்லோரிடமும் மூன்று கேள்விதான். குறைகிற பணம் முழுவதையும் தருவீர்களா, பாதியா? தருவதில் கடன் கலந்திருக்கிறதா? இரண்டாம் வருடமும் இதே அளவு தருவீர்களா, இல்லை பிள்ளையை உள்ளே இழுத்தபின் குறைப்பீர்களா? மூன்றாவது கேள்விக்குப் பல பேர் தொண்டையைச் செருமினார்கள். செருமியவர்களைப் பட்டியலிலிருந்து அடித்துவிட்டாள். நூற்றுக்கணக்கில் கேட்டு, நாற்பது சொச்சம் மிஞ்சியது. அந்த நாற்பதும் அவளுக்கு மனப்பாடம்.

ஒன்பது வருடத்தில் எங்கள் பக்கத்திலிருந்து பதினேழு பிள்ளைகளை அனுப்பினாள். ஒரு காசு வாங்கியதில்லை. படிவம் நிரப்புகிற மாதத்தில் அவள் வீட்டுச் சமையலறை மேசையில் எங்கள் வருமான வரிக் காகிதங்களெல்லாம் வந்து கிடக்கும். இந்தத் தெருவில் எவன் எவ்வளவு சம்பாதிக்கிறான் என்று பாவசங்கீர்த்தனம் கேட்கிற சாமியாருக்குத் தெரியாதது அவளுக்குத் தெரியும். ஒருவரிடம் ஒருவரைப் பற்றி வாய் திறக்கமாட்டாள். நான் எவ்வளவோ நோண்டிப் பார்த்திருக்கிறேன்.

தோன் எலெவுதேரியோ என்று ஒருவர். தர்பூசணித் தோட்டத்தில் மேஸ்திரி. மீசை பெரியது, சம்பளம் சிறியது. மகனுக்காக வந்து உட்கார்ந்தவர் படிவத்தில் முப்பத்தெட்டாயிரம் என்று எழுதச் சொன்னார். நான் அங்கேயே காப்பி குடித்துக்கொண்டிருந்தேன்.

"வரிக் காகிதத்துல இருபத்தி ரெண்டுன்னு இருக்கே, தோன் எலெவுதேரியோ?"

"அது வரிக்காரனுக்கு. இது பெரிய காலேஜு. இருபத்தி ரெண்டுன்னு எழுதினா என்ன நினைப்பான்? பிச்சைக்காரன் வந்துட்டான்னு நினைக்கமாட்டான்?"

"கூட்டி எழுதினா உங்க மீசைக்குத்தான் மரியாதை. பையனுக்கு நாலு வருஷத்துல பதினஞ்சாயிரம் குறையும்."

"மீசை அப்பன் காலத்துலேருந்து இருக்கு."

"இருக்கட்டும். படிவத்துல மீசைக்கு இடம் விடல."

கடைசியில் உள்ளதை எழுதினார்கள். பையன் போய்ச் சேர்ந்தான். எர்மீனியாவின் சட்டம் ஒன்றே ஒன்றுதான்: படிவத்தில் புள்ளி அளவும் பொய் கூடாது. ஏழை ஒரு பொய் சொன்னால் தேடிப் பிடிப்பார்கள் என்பாள். உண்மை சொன்னால் என்ன செய்வார்கள் என்று அவளுக்கு அப்போது தெரியாது.

பிறகு நொயேலியாவின் முறை வந்தது. பிள்ளை நிலத்தடி நீரைப் பற்றிப் படிக்கவேண்டும் என்றாள். எங்கள் குழாய்த் தண்ணீரைக் குடித்து வளர்ந்தவளுக்கு வேறென்ன ஆசை வரும்? வடக்கே பனி கொட்டுகிற ஊரில் ஒரு கல்லூரி அவளைச் சேர்த்துக்கொண்டது. மார்ச் மாதம் கடிதம் வந்தது. எர்மீனியா அதை எனக்கு வாசித்துக் காட்டினாள். வருடத்துக்கு எண்பத்து நாலாயிரம். அதில் அவர்கள் எழுபத்தொன்பதாயிரத்துச் சொச்சத்தைத் தாங்களே போட்டுக்கொள்வார்கள். மிச்சம் நாலாயிரத்து எண்ணூறு எங்கள் பங்கு. ரமிரோ விட்டுப்போன அரை ஏக்கர் மனையைச் சொத்தென்று எண்ணி, பிள்ளை கோடையில் சம்பாதிக்கவேண்டியதையும் எண்ணி, அந்தத் தொகைக்கு வந்திருக்கிறார்கள்.

எர்மீனியா வருடத்துக்குப் பத்தொன்பதாயிரம் கொண்டுவருகிறவள். நாலாயிரத்து எண்ணூறு அவளிடம் இல்லை. கடன் வாங்கவும் மாட்டாள். வாங்கு என்று சொல்ல எனக்கும் வாய் வராது. அதைக் கட்டினால் நொயேலியா போவாள். கட்டாவிட்டால், ஊர்ப் பிள்ளைகள் பதினேழு பேரை அனுப்பியவளின் சொந்தப் பிள்ளை வீட்டில் இருப்பாள்.

நான் சொன்னேன், "பிளேட் போடுவோம்."

எங்கள் பள்ளத்தாக்கில் ஒருவருக்குப் புற்றுநோய் என்றாலும், வீடு எரிந்தாலும், பிணம் எடுக்கப் பணம் இல்லையென்றாலும் பிளேட்தான். பத்து டாலர் சீட்டை முன்கூட்டியே விற்போம். சனிக்கிழமை கோயில் மைதானத்தில் கரி மூட்டிக் கோழி சுடுவோம். ஒரு கால் தொடையோடு, தக்காளிச் சோறு, வெந்த பயறு, ஒரு துண்டு ரொட்டி, ஊறவைத்த ஒரு மிளகாய். மூடிய டப்பாவில் வைத்து, வண்டியை விட்டு இறங்காமலே வாங்கிக்கொண்டு போவார்கள். காலேஜுக்காக யாரும் பிளேட் போட்டதில்லை. எர்மீனியா கூச்சப்பட்டாள்.

"யாரும் சாகல, கொமாத்ரே. சாவுக்குப் போடுறத இதுக்குப் போடலாமா?"

"உயிரோட இருக்கிறவளுக்குப் போட்டா கோழி வேகாதா?"

தோன் எலெவுதேரியோ கரி அடுப்புக்குப் பொறுப்பேற்றார். கோழிக்கடைக்காரர் பாதிக் கோழியைச் சும்மா கொடுத்தார், மீதிப் பாதிக்குத் தெருக்காரர்கள் காசு போட்டார்கள். சோறு நான் கிளறினேன். கை இரண்டு நாள் தூக்க வரவில்லை. நானூற்றுத் தொண்ணூறு பிளேட் போயின. பணம் நாலாயிரத்துத் தொள்ளாயிரம். மறுநாள் பூசை முடிந்ததும் பங்குச் சாமியார் அன்செல்மோ தொகையை அறிவித்தார். சனம் கை தட்டியது. நொயேலியா அழுதாள். நானும்தான்.

இப்போது சொல்லப்போவதில் என் பங்கு இருக்கிறது. மறைக்கவில்லை. ஆனால் தப்பு என் மேல் என்று ஒப்புக்கொள்ளவும் மாட்டேன்.

எங்கள் ஊரில் பிளேட் பணத்தை வீட்டாரின் கையில் கொடுப்பதில்லை. பல வருடத்துக்கு முன் ஒரு குடும்பம் அப்பனின் அறுவை சிகிச்சைக்கென்று சேர்ந்த பணத்தில் புது வண்டி வாங்கிவிட்டது. அன்றிலிருந்து, நோய் என்றால் காசோலை ஆஸ்பத்திரி பெயருக்கு, சாவு என்றால் சவ அடக்கக் கடை பெயருக்கு. நாளைக்கு ஒருவரும் நாக்கை நீட்டக்கூடாது. சாமியார், "எர்மீனியா பேருக்கே எழுதிடவா?" என்று கேட்டார். நான்தான் குறுக்கே விழுந்தேன்.

"காலேஜ் பேருக்கு எழுதுங்க சாமி. பிள்ளை பேரக் கீழ போடுங்க. எர்மீனியா கௌரவமானவ. அவ பேர்ல ஒரு பேச்சு வரக்கூடாது."

எர்மீனியாவும், "அதுதான் சரி" என்றாள். காசோலையோடு அவளே ஒரு கடிதம் வைத்தாள். எங்கள் தெரு சேர்ந்து கோழி சுட்டு இதைத் திரட்டியது, எங்கள் பங்கு நாலாயிரத்து எண்ணூறை இதில் எடுத்துக்கொள்ளுங்கள், மிச்சம் நூறு புத்தகத்துக்கு, நன்றி. அவ்வளவுதான் கடிதம். ஒரு பெண் பெருமையோடு எழுதிய கடிதம்.

ஜூன் மாதம் பதில் வந்தது. எர்மீனியா இரண்டு தடவை வாசித்தாள். மூன்றாம் தடவை நொயேலியா வாசித்தாள். வெளி உதவி கிடைத்ததற்கு வாழ்த்துகள் என்று தொடங்கியது. அதனால் பிள்ளையின் தேவை நாலாயிரத்துத் தொள்ளாயிரம் குறைந்துவிட்டது. ஆகவே கல்லூரி தரும் பணத்தில் நாலாயிரத்துத் தொள்ளாயிரத்தைக் குறைத்திருக்கிறோம். குடும்பத்தின் பங்கு மாறவில்லை, நாலாயிரத்து எண்ணூறு.

எனக்குப் புரிய நேரம் பிடித்தது.

"அப்போ நம்ம பணம் எங்க?"

"அவங்க தர வேண்டிய பணத்துக்குப் பதிலா எடுத்துக்கிட்டாங்க, மத்ரீனா" என்றாள் நொயேலியா. ஞானத்தாயை அப்படித்தான் கூப்பிடுவாள். "நாம கட்ட வேண்டியது அப்படியே இருக்கு."

நான் அந்தக் காகிதத்தை மேசையிலிருந்து விரல் நுனியால் தள்ளினேன். ஈ மொய்த்த சாப்பாட்டைத் தள்ளுவோமே, அப்படி. கோடிக்கணக்கில் சேர்த்து வைத்திருக்கிற கல்லூரி என்று எர்மீனியாதான் முன்பு சொல்லியிருந்தாள். அவர்களுக்கு எங்கள் தொடைக்கறிக் காசு வேண்டியிருக்கிறது.

அடுத்த நாள் எர்மீனியா அவர்களுக்குப் போன் செய்தாள். ஸ்பீக்கரில் போட்டு மேசையில் வைத்தாள். எனக்கு ஆங்கிலம் பாதிதான் பிடிபடும். நொயேலியா என் காதோரம் சொல்லிக்கொண்டே வந்தாள். அந்தப் பக்கம் ட்ரெவர் என்று ஒரு பையன். நல்ல குரல்.

"உங்க சமூகம் உங்களுக்குத் துணையா நிக்கிறது ரொம்ப அருமையான விஷயம், மேடம்."

"துணைய நீங்க எடுத்துக்கிட்டீங்க, தம்பி. எங்க பங்கைக் கட்டத்தானே அந்தப் பணம்? கடிதத்துலயே எழுதியிருந்தேனே."

"புரியுது மேடம். ஆனா வெளியிலேருந்து பிள்ளை பேரைப் போட்டு எங்களுக்கு வர்ற செக் எல்லாமே உதவித்தொகைதான். எங்க விதிப்படி அது முதல்ல எங்க பணத்தைத்தான் குறைக்கும். சில கல்லூரியில வேற மாதிரி செய்வாங்க."

"இந்த விதி எங்க இருக்கு?"

"எங்க இணையதளத்துல இருக்கு மேடம். நீங்க கேட்டிருந்தா சொல்லியிருப்போம்."

எர்மீனியாவின் முகம் வெளிறியது. ஒன்பது வருடமாக நூற்றுக்கணக்கான ஆட்களைக் கேள்வி கேட்டவளிடம் ஒருவன் சொல்கிறான், கேட்டிருந்தால் சொல்லியிருப்போம் என்று. நான் போனைப் பார்த்துச் சொன்னேன், "அவன்கிட்ட கேளு, பாதிரியார் கோழி சுட்டா அதுக்குப் பேரு உதவித்தொகையான்னு." நொயேலியா மொழிபெயர்க்கவில்லை. வளர்ப்பு அப்படி.

எர்மீனியா குரலை உயர்த்தாமல் கேட்டாள், "அந்த செக்க நாங்க திருப்பி வாங்கிக்கிட்டா?"

அந்தப் பையன் யோசித்தான். கொடுத்தவர்களே எழுத்தில் கேட்டால் திருப்பி அனுப்பலாம், அதன்பின் குழு கூடிப் பழைய தொகையைத் தரலாமா என்று பார்க்கும் என்றான். தரலாம் என்றுதான் சொன்னான். தருவோம் என்று சொல்லவில்லை. ஜூலை கடைசிக்குள் முடிவு.

ஆக, சாமியார் அன்செல்மோ தன் கையால் ஒரு கடிதம் எழுதவேண்டும். இந்தப் பிள்ளைக்கு நாங்கள் கொடுத்த அன்பளிப்பைத் திரும்பப் பெறுகிறோம் என்று. சாமியார் பேனாவை எடுத்தார், வைத்தார்.

"குடுத்தத திருப்பிக் கேக்குறதா? முப்பது வருஷமா குடுங்கன்னுதான் பிரசங்கம் வச்சிருக்கேன், எர்மீனியா."

"எனக்கும் அசிங்கமாத்தான் இருக்கு சாமி. வேற வழி தெரியல."

எழுதினார். ஆனால் அது சனத்தின் பணம், சனத்திடம் சொல்லாமல் முடியாது. ஞாயிறு பூசைக்குப்பின் எர்மீனியா எல்லார் முன்னும் எழுந்து நின்று, நடந்ததைச் சொன்னாள். நானூற்றுத் தொண்ணூறு பிளேட் வாங்கிய சனம் பெஞ்சில் உட்கார்ந்து கேட்டது. பின்வரிசையில் யாரோ, "நம்ம கோழி அவ மகளுக்குப் போதலையாம்" என்றார்கள். யாரென்று எனக்குத் தெரியும். அவள் செத்தால் பிளேட்டுக்குச் சோறு கிளறுவேன், உப்பு போடமாட்டேன்.

தோன் எலெவுதேரியோ எழுந்தார். "நான் கரியில நின்னவன். என் மீசை ஒரு பக்கம் பொசுங்கிடுச்சு. அந்தப் பணம் காலேஜுக்குப் போறதுன்னா நான் அன்னிக்கு வீட்டுல தூங்கியிருப்பேன். திருப்பி வாங்குங்க."

காசோலை திரும்பி வந்தது. குழு கூடியது. ஜூலை இருபத்தாறாம் தேதி கடிதம்: பழைய தொகை அப்படியே. எர்மீனியா நாற்காலியில் உட்கார்ந்து செருப்பைக் கழற்றிப்போட்டாள். ஒரு மாதத்தில் அவள் சட்டை இரண்டு அளவு தொளதொளத்திருந்தது. ஆனால் நாலாயிரத்து எண்ணூறு இன்னும் கட்டவேண்டும். பணம் கோயிலில் இருக்கிறது, மறுபடி அனுப்பினால் மறுபடியும் கழித்துக்கொள்வார்கள், அதனால் தொட முடியாது.

"சாமி உன் கையில குடுக்கட்டும். நீ கட்டு. எவனுக்குத் தெரியும்?" என்றேன்.

"எனக்குத் தெரியும்."

"உன் நேர்மையால வந்தது இவ்வளவும்."

"செக்க அவன் பேருக்கு எழுதச் சொன்னது யாரு, கொமாத்ரே?"

இரண்டு நாள் நாங்கள் பேசவில்லை. மூன்றாம் நாள் காலையில் அவளே என் வேலிக்கு வந்தாள். அந்தப் பையன் ட்ரெவரை மறுபடி கூப்பிட்டுக் கேட்டிருக்கிறாள். பக்கத்து வீட்டார் என் மகளுக்குக் குளிர்கோட்டு வாங்கித் தந்தால் படிவத்தில் எழுதணுமா? பையன் சிரித்திருக்கிறான், வேண்டாம் மேடம். கோயிலில் ஒருவருக்குக் கரண்டுக் கட்டணம் கட்டினால்? அதற்கு, எங்கள் படிவத்தில் அப்படி ஒரு கேள்வி கிடையாது மேடம், கோயில் யாருக்கு உதவுது என்பது எங்கள் விஷயமில்லை, என்றிருக்கிறான்.

"பேர எழுதி வாங்கிக்கிட்டியா?"

"பேரு, தேதி, நேரம். எழுத்துல அனுப்புன்னும் கேட்டேன். அனுப்பிட்டான்."

அப்படித்தான் நடந்தது. அந்த வருடம் முழுக்க எர்மீனியாவின் கரண்டு, தண்ணீர், எரிவாயு, மனை வரி எல்லாவற்றையும் கோயில் அந்தப் பிளேட் பணத்தில் கட்டியது. அதனால் அவள் சம்பளத்தில் மிஞ்சியது மாதாமாதம் கல்லூரிக்குப் போனது. ஆகஸ்டில் நொயேலியா போனாள். கோட்டு நான் வாங்கினேன். பெரிதாகப் போய்விட்டது, உள்ளே இரண்டு ஸ்வெட்டர் போட்டுக்கொள்கிறாளாம்.

எல்லாம் நல்லபடியாக முடிந்ததே என்று சாமியார் சொல்கிறார். எனக்கு அப்படித் தோன்றவில்லை. கொடுத்ததைக் கேட்டு வாங்கி, சனத்தின் முன் தலை குனிந்து, தன் வீட்டு விளக்கைக் கோயில் காசில் எரித்துத்தான் ஒருத்தி அதே பணத்தால் மகளைப் படிக்கவைக்கவேண்டுமா? எர்மீனியா இப்போது கல்லூரிக்காரர்களிடம் நாலாவதாக ஒரு கேள்வி கேட்கிறாள். எங்கள் சனம் ஏதாவது கொடுத்தால் அது யார் பங்கில் கழியும்? அவளுடைய நாற்பதில் பதினொன்று அந்தக் கேள்வியில் விழுந்துவிட்டது.

அக்டோபரில் அந்தக் கல்லூரியிலிருந்து இன்னொரு உறை வந்தது. வழவழப்பான காகிதம், பனியில் சிரிக்கிற பிள்ளைகள் படம். எர்மீனியா வாசித்தாள். பெற்றோர் நிதியாம். அன்புள்ள பெற்றோரே, எவ்வளவு சிறிய தொகையானாலும் உங்கள் அன்பளிப்பு எங்களுக்கு முக்கியம். ஐம்பது, நூறு, இருநூற்றைம்பது என்று கட்டங்கள்.

எனக்கு வாயில் கசப்பு ஏறியது. எர்மீனியாவோ சிரித்தாள். மேசையில் தலையை வைத்து, கண்ணில் தண்ணீர் வரும்வரை சிரித்தாள்.

"உறைகூட வச்சிருக்காங்க. தபால் செலவு அவங்களோடது, நாம ஒட்டிப் போட்டாப் போதும்."

"காலியாப் போட்டாலும் அவங்கதான் கட்டணுமா?"

"கட்டித்தான் ஆகணும். ஆனா நான் போடமாட்டேன் கொமாத்ரே. என் மக அங்க இருக்கா."

"உன்ன யாரு போடச் சொன்னா?" என்று அந்த உறையை வாங்கிக்கொண்டேன். எச்சில் தொட்டு ஒட்டினேன். உள்ளே ஒன்றும் வைக்கவில்லை. மூலையில் இருக்கிற தபால் பெட்டிவரை நடந்துபோய்ப் போட்டுவிட்டு வந்தேன்.